ஃபில்டர் பொய் சொல்லாது

அந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும்.

2014-ல் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக மினசோட்டாவில் ஒன்றரை வருடம் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1996 மாடல் டாட்ஜ் ராம் பிக்கப் டிரக் ஒன்று இருந்தது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். பக்கத்தில் நின்று பேச முடியாது, அவ்வளவு சத்தம். ஆனால் அதன் புகை டீசல் புகை மாதிரி இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடையில் வடைச்சட்டி சூடாகும்போது ஒரு வாசனை வருமே, அது வரும்.

எரிபொருளை அவரே தயாரித்தார். ஊரில் இருந்த இரண்டு உணவகங்களில் பொரித்து முடித்த எண்ணெயை வாங்கிவந்து, கராஜில் ஒரு பழைய வாட்டர் ஹீட்டரை மாற்றிச் செய்த கருவியில் காய்ச்சி, கழுவி, வடிகட்டி டேங்கில் ஊற்றுவார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நாமக்கல் பக்கம் பிறந்தவன் நான். சொந்தத்தில் பாதிப்பேர் லாரித் தொழில். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பார்த்திருக்கிறேன். பஜ்ஜி எண்ணெயில் ஓடும் வண்டியைப் பார்த்ததில்லை.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் அவருடன் மரக்கடைக்குப் போனேன். நெடுஞ்சாலையில் வண்டி இருமியது. மேடு ஏறும்போது சுத்தமாக இழுவை போய்விட்டது. பெரியவர் பதறவில்லை. ஓரம் கட்டினார், சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு புது ஃபில்டரையும் ஸ்பானரையும் எடுத்தார். கால் மணி நேரத்தில் வண்டி மறுபடி உறுமியது. வீட்டுக்கு வந்ததும் பழைய ஃபில்டரை ரம்பத்தால் அறுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தின் மேல் வெள்ளையாக, களிம்பு மாதிரி ஏதோ அப்பியிருந்தது.

“குளிர்” என்றார். “குளிரில் இப்படி ஆகும்.”

நானும் நம்பினேன். அன்றைக்குக் குளிர்தான்.

அந்தக் களிம்பு என்ன என்று தேட ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரை வரை வந்திருக்கிறேன்.

*

இந்தக் கதையை எல்லோரும் ருடால்ஃப் டீசலிடமிருந்து தொடங்குவார்கள். பெரும்பாலும் தப்பாகத் தொடங்குவார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் இந்தியாவில் உலக உயிரி எரிபொருள் தினம் கொண்டாடுகிறோம். 1893-ல் இதே நாளில் டீசல் தன் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் அவருடைய முதல் எஞ்சினைச் சோதித்தது உண்மை. ஆனால் உள்ளே செலுத்தியது பெட்ரோல். அதுவும் ஓடவில்லை. ஒரே ஒரு வெடிப்பு. அழுத்தம் காட்டும் கருவி சிதறி அவர் தலைக்கு அருகே பறந்தது. ஒழுங்காக ஓடும் எஞ்சின் வர 1897 ஆனது. அதன் செயல்திறன் சுமார் 26 சதவீதம், அன்றைய நீராவி எஞ்சின்கள் கிட்டேயே வர முடியாத எண்.

கடலை எண்ணெய் வந்தது 1900-ல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். அங்கும் ஓட்டிக்காட்டியவர் டீசல் இல்லை. ஓட்டோ கம்பெனி ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் காட்சிக்கு வைத்தது. அதைக் கடலை எண்ணெயில் ஓட்டும்படி கேட்டது பிரெஞ்சு அரசு. கனிம எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின். எந்த மாற்றமும் செய்யாமல் கடலை எண்ணெயில் ஓடியது. அவ்வளவு சீராக ஓடியதால் பார்க்க வந்தவர்களில் சிலருக்குத்தான் விஷயமே தெரியும் என்று 1912-ல் டீசல் பதிவு செய்திருக்கிறார்.

பிரெஞ்சு அரசுக்கு என்ன அக்கறை? ஆப்பிரிக்காவில் அவர்களுக்குக் காலனிகள் இருந்தன. அங்கே நிலக்கடலை விளைந்தது, நிலக்கரி கிடையாது. உள்ளூர் விளைச்சலிலேயே உள்ளூர் எஞ்சினை ஓட்டிவிட்டால் ஐரோப்பாவிலிருந்து எரிபொருள் அனுப்பும் செலவு மிச்சம். இதில் நம் பக்கத்துக்கும் ஒரு நூல் இருக்கிறது. தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்துச் செக்காலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போன காலம் அது. கடலை எண்ணெய் பிரான்சுக்கு விசித்திரப் பொருள் இல்லை, பழகிய சரக்கு.

‘பசுமை’ என்று நாம் இன்று சொல்லும் எரிபொருள், காலனிய நிர்வாகத்தின் செலவுக் கணக்கிலிருந்து பிறந்தது. இது பெருமைப்படவோ வெட்கப்படவோ வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் ‘கண்டுபிடித்த மகான் கடலை எண்ணெயைத்தான் கனவு கண்டார், பெட்ரோலியக் கம்பெனிகள் அதைக் கெடுத்துவிட்டன’ என்ற கதையை நம்புவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

*

சரி, கடலை எண்ணெயில் எஞ்சின் ஓடுமென்றால் நேராக ஊற்றிவிட்டுப் போகலாமே? கராஜில் இத்தனை கூத்து எதற்கு?

காரணம் பாகுத்தன்மை. 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் டீசலின் பாகுத்தன்மை 2-லிருந்து 4 சென்டிஸ்டோக். தாவர எண்ணெய்களுக்கு 30-லிருந்து 40. கிட்டத்தட்ட பத்து மடங்கு. இன்ஜெக்டர் எரிபொருளைப் பனிமூட்டம் மாதிரித் தூவ வேண்டும். கெட்டி எண்ணெயை அது துளித் துளியாகத்தான் பீய்ச்சும். துளிகள் முழுதாக எரியாது. கொஞ்ச நாளில் இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். கண்காட்சியில் ஒருநாள் ஓட்டிக்காட்டுவது வேறு, ஒரு லட்சம் மைல் ஓட்டுவது வேறு. டெமோவுக்கும் ப்ரொடக்‌ஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு வழி கண்டவர் பெல்ஜியத்தின் ஷவான். ப்ரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1937 ஆகஸ்ட் 31 தேதியிட்ட அவருடைய காப்புரிமைதான் இன்று நாம் பயோடீசல் என்று சொல்வதன் முதல் தெளிவான ஆவணம். அடிப்படை எளிது. எண்ணெய் மூலக்கூறு மூன்று வால் கொண்ட பிராணி. கிளிசரின் என்ற முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும். அதனுடன் ஆல்கஹாலையும் வினையூக்கியையும் சேர்த்தால் வால்கள் கழன்று ஆல்கஹாலுடன் சேர்ந்துகொள்ளும். கனமான கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே மிதக்கும் எஸ்டரின் பாகுத்தன்மை 4 அல்லது 5. டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஷவான் எடுத்தது பாமாயிலும் எத்தனாலும். 1938-ல் ப்ரஸ்ஸல்ஸுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பேருந்து அதில் ஓடியது. பாமாயில் எங்கிருந்து? பெல்ஜியத்தின் காலனியான காங்கோவிலிருந்து. மறுபடியும் அதே கணக்கு.

அடுத்த வருடம் போர் வந்தது. போர் முடிந்ததும் மலிவான பெட்ரோலியம் வந்தது. நாற்பது வருடங்களுக்கு இந்த வேதியியலை யாரும் டேங்கில் ஊற்றவில்லை.

மறுபடி எடுத்தது தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு, எண்ணெய் தர நாடுகள் மறுத்தன. 1979-ல் ஈரானும் கதவைச் சாத்தியது. டிராக்டர்களுக்கு என்ன ஊற்றுவது என்று அவர்களுடைய வேளாண் பொறியாளர்கள் சூரியகாந்தி எண்ணெயை எடுத்தார்கள். நேராக ஊற்றிப் பார்த்தார்கள், இன்ஜெக்டர் கரி கட்டியது. எஸ்டராக்கி ஊற்றினார்கள், ஓடியது. அந்தத் தொழில்நுட்பம் பிறகு ஆஸ்திரியாவுக்குப் போய், 1980-களின் இறுதியில் அங்கே ரேப்சீடு எண்ணெயிலிருந்து தொழிற்சாலை அளவில் தயாரிப்பு தொடங்கியது. காலனி, போர், நிறவெறி எல்லாம் தாண்டித்தான் இந்தத் திரவம் என் பக்கத்து வீட்டுக் கராஜுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

*

அமெரிக்காவில் முதலில் பல்கலைக்கழகங்கள்தான் இதைத் தொட்டன. 1995-ல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு டாட்ஜ் பிக்கப்பை நூறு சதவீத ரேப்சீடு எஸ்டரில் ஓட்டினார்கள். ஐடஹோ பல்கலைக்கழகம் அதில் பங்கெடுத்தது. எஞ்சின் பல்லாயிரம் மைல் தாங்கியது. ஆனால் பூங்கா நிர்வாகத்துக்கு வேறு ஒரு கவலை: உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி மணக்கும் இந்த வண்டியைத் தேடிக் கரடிகள் வந்துவிட்டால்? அதையும் சோதித்தார்கள். கரடிகள் கண்டுகொள்ளவில்லை. கரடிகளுக்கு இருந்த கட்டுப்பாடு எனக்கு இருந்ததில்லை.

வீட்டுத் தயாரிப்பு பரவியது 1990-களின் இறுதியில். 1997-ல் ஜாஷுவா டிக்கெல் சூரியகாந்திப் பூக்கள் வரைந்த ஒரு வேனில், பின்னால் சின்ன ரியாக்டரை இழுத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றினார். வழியில் உணவகங்களில் நிறுத்தி எண்ணெய் கேட்பது, காய்ச்சி ஊற்றுவது, போய்க்கொண்டே இருப்பது. அந்த அனுபவம் புத்தகமானது. அன்றைக்கு டீசல் ஒன்றும் விலை இல்லை. 1999 தொடக்கத்தில் ஒரு கேலன் ஒரு டாலருக்கும் கீழே. பணத்துக்காக யாரும் இதைச் செய்யவில்லை. பிறகு ஈராக் போர் வந்தது, விலை ஏறியது, 2008 ஜூலையில் கேலன் 4.75 டாலரைத் தாண்டியது. அதற்குள் லட்சியவாதிகளின் பொழுதுபோக்கில் லாரிக்காரர்களும் விவசாயிகளும் சேர்ந்துவிட்டார்கள். பாடகர் வில்லி நெல்சன் டெக்ஸாஸில் ஒரு லாரி நிறுத்தத்தில் தன் பெயரிலேயே பயோடீசல் விற்றார்.

ஆரம்பத்தில் எல்லோரும் திறந்த பீப்பாயில் கலக்கினார்கள், துளைபோடும் மெஷினில் துடுப்பைக் கட்டி. உள்ளே இருப்பது மெத்தனால். இந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் செய்தி படிக்கும் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டாம்; கள்ளச்சாராயச் சாவு ஒவ்வொன்றிலும் அது இருக்கும். ஆவியைச் சுவாசித்தாலும் விஷம், தோல் வழியாகவும் ஏறும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை கண்ணுக்கே தெரியாது. கராஜ்கள் எரிந்தன.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறார். மரியா ‘மார்க்’ ஆலவர்ட், கலிஃபோர்னியாவில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பெண். சாதாரண மின்சார வாட்டர் ஹீட்டரையே ரியாக்டராக மாற்றும் வடிவமைப்பைப் பரப்பினார். மூடிய பாத்திரம், ஆவி வெளியே வராது. வெல்டிங் வேண்டாம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குழாய்களே போதும். ஆப்பிள் விதைகளை ஊர் ஊராக விதைத்துப்போன ஒரு நாட்டுப்புற நாயகனின் நினைவாக அதற்கு ‘ஆப்பிள்சீட்’ என்று பெயர். வரைபடம் இலவசம். யாரும் செய்யலாம், திருத்தலாம், திருத்தியதைத் திரும்பப் பகிரலாம். ஓப்பன் சோர்ஸ் என்று நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்ததை இவர்கள் பைப் ரெஞ்ச் வைத்துச் செய்தார்கள். என் பக்கத்து வீட்டுக் கராஜில் நின்றதும் அதில் ஒன்றுதான்.

அரசாங்கத்துக்கு இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. 2007-ல் வட கரோலைனாவில் ஒருவர் சோயா எண்ணெயில் காரை ஓட்டியதற்கு ஆயிரம் டாலர் அபராதம் விதித்தார்கள். குற்றம்: எரிபொருள் வரி கட்டாதது. சாலை போட்ட காசு டீசல் விலையில்தானே இருக்கிறது? வரியில்லாமல் ஓட்டினால் அது இலவசப் பயணம். யோசித்தால் அரசு பக்கமும் நியாயம் இருக்கிறது. குப்பைக்குப் போன எண்ணெய்க்கும் விலை வந்துவிட்டது. முன்பு உணவகங்கள் காசு கொடுத்து அப்புறப்படுத்திய எண்ணெயை இப்போது இரவில் திருட ஆரம்பித்தார்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் ஹோமர் பழைய எண்ணெயைத் திருடி விற்கப் பார்க்கும் எபிசோட் 1998-லேயே வந்துவிட்டது. அப்போது அது ஜோக்.

*

இனி ஃபில்டருக்கு வருகிறேன்.

பழைய டீசல் வண்டியில் முதல்முறை பயோடீசல் ஊற்றியதும் ஃபில்டர் அடைக்கும். புதிதாக வருபவர்கள் ‘எரிபொருள் அழுக்கு’ என்று திட்டுவார்கள். உண்மையில் அழுக்கு டேங்கில் இருந்தது. பயோடீசல் நல்ல கரைப்பான். இருபது வருடமாக டீசல் விட்டுச்சென்ற படிவத்தை எல்லாம் சுரண்டிக்கொண்டு வந்து ஃபில்டரில் கொட்டும். அதனால் முதல் ஒன்றிரண்டு டேங்குக்குப் பிறகு ஃபில்டரை மாற்ற வேண்டும், மாற்று ஃபில்டர் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். அதே கரைக்கும் குணம் பழைய ரப்பர் குழாய்களையும் ஊற வைத்துக் கெடுக்கும். அவற்றை வைட்டான் வகைக் குழாய்களாக மாற்றுவார்கள்.

பெரியவரின் ஏற்பாடு படிப்படியானது. உணவகத்து எண்ணெயை முதலில் பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் காலில் வடிப்பார். பிறகு சில நாள் தெளிய விடுவார். காய்ச்சிக் கழுவிய எரிபொருள் டேங்குக்குப் போகும் வழியில் நீரை உறிஞ்சும் ஒரு நுண் ஃபில்டர். வண்டியில் எஞ்சினின் சொந்த ஃபில்டருக்கு முன்னால், 30 மைக்ரான் ஃபில்டருடன் தண்ணீர் பிரிப்பான் ஒன்று. அடியில் கண்ணாடிக் கிண்ணம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். பெரியதைப் பிடிக்க ஒன்று, சிறியதைப் பிடிக்க ஒன்று. நேராக நுண் ஃபில்டரை வைத்தால் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஆனால் ஃபில்டர் எதைப் பிடிக்காது என்பதுதான் முக்கியம். எரிபொருளில் கரைந்திருக்கும் நீரை, சோப்பை, மிச்ச மெத்தனாலை, வினை முடியாமல் பாதியில் நின்ற எண்ணெயைச் சாதாரண ஃபில்டர் பிடிக்காது. எல்லாம் கரைந்து, தெளிவாக, பொன்னிறமாக உள்ளே போய்விடும். குளிர்ந்தால்தான் வெளியே வரும்.

மினசோட்டா மாநிலமே ஒருமுறை இதைக் கற்றது. விற்கும் டீசலில் 2 சதவீதம் பயோடீசல் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் கட்டாயமாக்கியது இந்த மாநிலம்தான். 2005 செப்டம்பர் 29-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் லாரிகள் சாலையோரம் நிற்க ஆரம்பித்தன. ஃபில்டர் அடைப்பு. கோபம் கிளம்பி, கட்டாயத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பயோடீசலே ஆகாது என்றார்கள் ஒரு பக்கம், குளிர்காலம் என்றால் அப்படித்தான் என்றார்கள் இன்னொரு பக்கம். விசாரித்தால், தரக்கட்டுப்பாட்டை மீறிய சரக்கு கலந்திருந்தது. அளவுக்கு மேல் கிளிசரின். பயோடீசலில் தனிக் கிளிசரின் 0.02 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கத் தரவிதி அப்போதே சொன்னது. விதி காகிதத்தில் இருந்தது, சோதனை எல்லா இடத்திலும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். சோயாவிலும் பாமாயிலிலும் இயல்பாகவே இருக்கும் ஸ்டெரால் குளுக்கோசைடு என்ற பொருள், எல்லா அளவுகளும் சரியாக இருக்கும் எரிபொருளிலும் மெதுவாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். 2008-ல் தரவிதியில் ஒரு புதிய சோதனை சேர்ந்தது. 300 மில்லிலிட்டர் எரிபொருளை 4.4 டிகிரியில் 16 மணி நேரம் வைத்து, அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, 0.7 மைக்ரான் ஃபில்டரில் விட வேண்டும். 360 வினாடிக்குள் முழுவதும் இறங்கினால் பாஸ். சாலையோரத்தில் நின்ற லாரிகளின் அனுபவத்தை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இது அழகாகப் படுகிறது.

கராஜ்காரர்களுக்கு இந்த ஆய்வகம் எல்லாம் கிடையாது. அவர்களிடம் இருந்தது 27/3 சோதனை. யான் வார்ன்க்விஸ்ட் என்பவர் சொல்லிக்கொடுத்தது. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை ஊற்றிக் குலுக்க வேண்டும். பயோடீசல் மெத்தனாலில் கரையும், எண்ணெய் கரையாது. அடியில் ஒரு துளி தங்கினால் வினை முடியவில்லை, மறுபடி காய்ச்ச வேண்டும். பத்து நிமிட வேலை.

*

2007-க்குப் பிறகு அமெரிக்க டீசல் வண்டிகள் மாறின. புகையில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அதில் சேரும் கரியை எரிக்க, பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகக் கொஞ்சம் எரிபொருளைப் பீய்ச்சுகின்றன. டீசல் ஆவியாகிவிடும். கொதிநிலை அதிகமான பயோடீசல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். இன்ஜெக்‌ஷன் அழுத்தமும் 1,600 பாரைத் தாண்டிவிட்டது. கராஜ் எரிபொருளின் சின்னப் பிழையைக்கூட அது மன்னிக்காது. பெரும்பாலான கம்பெனிகள் 20 சதவீதக் கலவை வரைதான் அனுமதிக்கின்றன. காற்று சுத்தமாக வேண்டும் என்றுதான் அந்த வடிகட்டியும் வந்தது, காற்று சுத்தமாக வேண்டும் என்றுதான் பெரியவரும் காய்ச்சினார். ஒரு நல்ல ஃபில்டர் இன்னொரு நல்ல காரியத்துக்குக் கதவடைத்ததை வில்லன் யாரும் இல்லாத கதையாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது.

பெரியவர் 2015 கோடையில் வண்டியை விற்றார். முழங்கால் வலி, டப்பாக்களைத் தூக்க முடியவில்லை. வாங்கியது ஒரு இளம் விவசாயி. வாட்டர் ஹீட்டரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதை அதற்கு முந்தைய இரவு எனக்குக் காட்டினார். பதினோரு வருடக் கணக்கு. தேதி, எந்தக் கடை எண்ணெய், எத்தனை லிட்டர், டைட்ரேஷன் அளவு, 27/3 முடிவு, அந்த பேட்ச்சில் ஃபில்டர் எத்தனை மைல் வந்தது. சின்னச் சின்ன எழுத்து. நான் எழுதும் டெஸ்ட் ரிப்போர்ட் எதுவும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

முந்தைய வருட அக்டோபரைத் தேடினேன். அதே பாதிக்குப் பாதி டீசல் கலவைதான். அதற்கும் முந்தைய வருடம் இன்னும் கடுமையான குளிரில் அந்தக் கலவை ஓடியிருக்கிறது. ஆனால் அந்த பேட்ச்சுக்கு 27/3 கட்டம் காலியாக இருந்தது. பதினோரு வருடத்தில் காலியான கட்டம் அது ஒன்றுதான். பக்கத்துக் கட்டத்தில் ஃபில்டர் வந்த மைல்: 140.

அவர் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார்.

“அன்றைக்கு அவசரம்” என்றார். “உன்னிடம் குளிர் என்று சொன்னேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.”

புதிதாக வருபவன் பார்ப்பானே, அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதியிருக்கலாமே என்று கேட்டேன்.

அவர் எழுதவில்லை. நோட்டை மூடி, ஒரு புது ஃபில்டரையும் ஸ்பானரையும் அதன் மேல் வைத்தார்.